நான் இயேசுவப் பத்தி வாயத் திறந்தாலே ஏன் எல்லாருக்கும் கோவம் வருது?

கேள்வி: மேடம், எனக்கு 27 வயசு, சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், சென்னையில ஐடி வேலை. என் ரூம்மேட்டும் நானும் நாலு வருஷமா ஒரே தட்டுல சாப்பிட்ட ஃப்ரெண்ட்ஸ். அவ அம்மாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடி கேன்சர்னு சொல்லிட்டாங்க. நான் மூணு நாள் உபவாசம் இருந்து ஜெபிச்சிட்டு அவகிட்ட போய் "நீ மட்டும் விசுவாசிச்சா ஆண்டவர் கண்டிப்பா அம்மாவ சுகமாக்குவார்டி"ன்னு சொன்னேன். அவ்ளோதான், "உங்க ஆளுங்க புத்திய காட்டிட்டல்ல"ன்னு கத்திட்டு வேற ரூம் மாறிட்டா. ஆபீஸ்லயும் இதே கதைதான். டீம் வாட்ஸ்அப் குரூப்ல தினமும் ஒரு வசனம் போடுவேன், ஒருத்தர் குரூப்ப விட்டே போயிட்டார். ஆயுத பூஜை சுண்டல் வேணாம்னேன், மூஞ்சத் திருப்பிக்கிட்டாங்க. எங்க சர்ச்ல பாத்த ஒரு அண்ணன்கிட்ட எல்லார் முன்னாடியும் "உங்கள ஞாயித்துக்கிழம ஆராதனையில பாத்தேன்"னு சந்தோஷமா சொன்னேன், அவரும் இப்ப என்கிட்ட பேசறதில்ல. பட்டையா விபூதி வச்சிட்டு வர்றவர யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. நான் பேசினா மட்டும் ஏன்? சாட்சி சொல்லலன்னா இரத்தப்பழி நம்ம மேலன்னு பாஸ்டர் சொல்றார். தூக்கமே வரமாட்டேங்குது.

பதில்:

உங்க லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சும்மா, லேட்டுக்கு மன்னிச்சிடுங்க. ரெண்டு தடவ எழுதி கிழிச்சுப் போட்டேன். முதல் தடவ எழுதினது முழுக்க உங்க ஃப்ரெண்டு பக்கம் சாஞ்சுடுச்சு, ரெண்டாவது உங்க பக்கம் சாஞ்சுடுச்சு. நான் யாருன்னும் சொல்லிடறேன், ஏன்னா இந்த விஷயத்துல யார் பேசறாங்கன்றது முக்கியம். பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ குடும்பத்துல பொறந்து, மதுரையில ஒரு சைவக் குடும்பத்துக்கு வாழ்க்கப்பட்டு, 22 வருஷமா கவுன்சலிங் பண்றவ. அதனால ரெண்டு வீட்டு சமையலறையிலயும் எதிர்ப்பக்கத்தப் பத்தி என்ன பேசிக்குவாங்கன்னு காதால கேட்டிருக்கேன் :)

முதல்ல உங்க ரூம்மேட்டு விஷயம், அதுதான் அவசரம். நீங்க சொன்ன வாக்கியத்த இன்னொரு தடவ மெதுவா படிச்சுப் பாருங்க. அதுல உங்களுக்குப் பெருசா தெரியறது "ஆண்டவர்", "சுகம்". உங்க ஃப்ரெண்டு காதுல விழுந்தது "நீ மட்டும்"ங்கற ரெண்டே வார்த்தைதான். அந்தப் பொண்ணு அப்ப எந்த நிலைமையில இருந்திருப்பா? ரிப்போர்ட்டத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சு, முன்னாடியே பாத்திருக்கலாமோ, ஊருக்கு அடிக்கடி போயிருந்தா கவனிச்சிருப்பேனோன்னு ஏற்கனவே தன்னையே குத்திக்கிட்டு இருந்திருப்பா. அப்ப வந்து "நீ மட்டும் விசுவாசிச்சா"ன்னா, அம்மா உயிர் இப்ப உன் கையில, நீ சாமிய மாத்தினா பொழைப்பாங்க, மாத்தலன்னா அதுக்கு நீதான் பொறுப்புன்னு அவளுக்குக் கேக்கும். நீங்க அப்படி நினைச்சு சொல்லலன்னு எனக்குத் தெரியும், பாசத்துலதான் சொன்னீங்க, மூணு நாள் பட்டினி கெடந்து சொன்னீங்க. ஆனா அது ஆறுதலா போய்ச் சேரல, பேரமா போய்ச் சேந்திருக்கு.

பைபிள்ல யோபு புத்தகம் நீங்க படிச்சிருப்பீங்க. அவருக்கு எல்லாம் போனதும் மூணு சிநேகிதர்கள் வந்தாங்கள்ல, ரெண்டாம் அதிகாரக் கடைசியில, ஏழு நாள் ராப்பகலா அவர்கூட தரையில உக்காந்திருந்தாங்க, ஒருத்தரும் ஒரு வார்த்த பேசல. அதுவரைக்கும் நல்ல சிநேகிதங்கதான். வாயத் திறந்து ஏன் இப்படி ஆச்சுன்னு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சாங்க பாருங்க, அங்க கெட்டுது. கடைசியில ஆண்டவரே அவங்க மேல கோவப்படறார். எந்த சபையிலயும் இந்த ஏழு நாளப் பத்தி பிரசங்கம் கேட்ட ஞாபகமே எனக்கு இல்ல, ஏன்னே தெரியல.

அடுத்து உங்க விபூதி கேள்வி. நியாயமான கேள்விதான், பாதி நியாயம். விபூதி வச்சிருக்கவர் நெத்தி உங்ககிட்ட எதையும் கேக்கலம்மா. நீயும் வச்சுக்கோ, இல்லன்னா உனக்கு நரகம்னு அது சொல்லல. உங்க வசனம் அப்படியே சொல்லலன்னாலும் கேக்குறவங்க அடுத்த வாக்கியத்துக்கு காத்துட்டு இருக்காங்க, "எங்க சபைக்கு ஒரு தடவ வாங்களேன்"ங்கறது எப்ப வரும்னு. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆன பழைய ஃப்ரெண்டு திடீர்னு போன் பண்ணி "எப்படி இருக்க, அம்மா சௌக்கியமா"ன்னு கேட்டா நமக்கு என்ன தோணும்? அதேதான். ஜாக் பிரெம்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1966லயே இதப் பத்தி எழுதிட்டார், நம்ம சுதந்திரத்துல யாரோ கை வைக்கறாங்கன்னு தோணினா மனசு உடனே எதிர்ப்பக்கம் இழுக்கும், சொல்ற விஷயம் நல்லதா கெட்டதான்னு பாக்கவே பாக்காது. குழந்தைய "சாப்பிடு சாப்பிடு"ன்னா வாய மூடிக்குதுல்ல. குரூப்ல தினமும் காலையில வசனம் போட்டா பிடிக்கலன்னு சொல்லவும் முடியாம, டீம் குரூப்ன்றதால பாக்காம இருக்கவும் முடியாம, கடைசியில அவர் எழுந்து போயிட்டார். அவர் இடத்துல நான் இருந்து, நீங்க போடறது நான் சின்ன வயசுல மனப்பாடம் பண்ண சங்கீதமாவே இருந்தாலும், நானும் போயிருப்பேன்.

மீதிப் பாதியும் சொல்லணும், இல்லன்னா உங்களுக்கு அநியாயம் பண்ணதா ஆகும். ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்கு சந்தனப்பொட்டு வச்சு கற்பூரம் காட்டினா அது "நம்ம கல்ச்சர்", நீங்க கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டு டிபன்பாக்ஸ் திறந்தா அது "மதம்". பெரும்பான்மையா இருக்கவங்களுக்கு அவங்க மதம் காத்து மாதிரி, இருக்கறதே தெரியாது. 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டுல கிறிஸ்தவங்க 6.12 சதவீதம். ஆனா உங்க கன்னியாகுமரி மாவட்டத்துல கிட்டத்தட்ட 47 சதவீதம்! நீங்க வளர்ந்த தெருவுல சர்ச் மணி, சபையே கூடி சாப்பிடற அசன விழா, "இந்த வாரம் பிரசங்கம் எப்படி இருந்துச்சு மக்ளே"ன்னு கேக்கறது எல்லாம் மழை பெஞ்சத பேசற மாதிரி சாதாரணப் பேச்சு. அதே வார்த்தைய சென்னையில சொன்னா அது "பிரச்சாரம்" ஆயிடுது. உங்க பேச்சு மாறல, பக்கத்துல உக்காந்திருக்கவங்க மாறிட்டாங்க, இத உங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க.

சுண்டல நீங்க வேணாம்னது தப்பில்ல. அது உங்க மனசாட்சி, கொரிந்து சபைக்கு பவுல் எழுதின காலத்துலயே தீராத பஞ்சாயத்து, நான் இங்க தீர்ப்பு சொல்லி முடியப் போறதில்ல. ஆனா எப்படி வேணாம்னீங்கன்னு லெட்டர்ல இல்லயே? "எங்க வீட்ல பழக்கமில்லண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, அந்தப் பொரி கடல பாக்கெட்ட பிரிக்கவா, எல்லாருக்கும் நான் குடுக்கறேன்"னு சொன்னா ஒண்ணு. "விக்கிரகத்துக்குப் படைச்சது"ன்னு சொன்னா வேற ஒண்ணு. நம்ம சபைத் தமிழ் இருக்கே, அதுல சில வார்த்தைங்க உள்ள இருக்கும்போது நமக்கு உறைக்கவே உறைக்காது. "புறஜாதியார்"னு நாம சர்வசாதாரணமா சொல்றோம், பைபிள் மொழிபெயர்ப்புல யூதர் அல்லாதவங்கள குறிக்கற வார்த்தை, அவ்ளோதான். ஆனா ஜாதின்ற வார்த்தையால ஊர் ஊரா ரத்தம் சிந்தின நாட்டுல ஒருத்தரப் பாத்து "அவங்க புறஜாதி"ன்னா எப்படி இருக்கும்? அந்தகாரம், சாத்தானின் கட்டுன்னு மைக்ல சொல்றப்ப, பக்கத்து வீட்டுக்காரம்மா காலையில விளக்கேத்தி கும்பிட்ட முருகனத்தான் சொல்றோம்னு நமக்குத் தோணறதே இல்ல. என் மாமியார் ஒரு தடவ ஒரு கைப்பிரதிய, அதான் சபைக்காரங்க குடுக்கற துண்டுப் பிரசுரம், அதப் படிச்சிட்டு என்கிட்ட காட்டி "நான் பிசாசையாடீ இத்தன வருஷமா கும்பிட்டுருக்கேன்?"னு கேட்டாங்க. கோவமா கேட்டிருந்தா பரவால்ல, அழுதுட்டே கேட்டாங்க. எனக்கு பதில் இல்ல.

இதுக்குக் கீழ பழைய கணக்கு ஒண்ணும் ஓடுது, அது நீங்க பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி ஆரம்பிச்சது, ஆனா வட்டி உங்ககிட்ட வசூல் பண்றாங்க. அரிசிக்காக மதம் மாறினவங்கன்ற அர்த்தத்துல "அரிசி மூட்டை"ன்னு யாராவது உங்கள சொல்லியிருப்பாங்க, நெட்ல கண்டிப்பா பாத்திருப்பீங்க. சும்மா வானத்துல இருந்து விழுந்த வார்த்த இல்ல அது. தூத்துக்குடிப் பக்கக் கடற்கரையான முத்துக்குளித்துறையில 1530கள்ல பரதவர் சமூகம் ஒட்டுமொத்தமா ஞானஸ்நானம் வாங்கினப்ப அதுக்குப் பின்னாடி போர்ச்சுகீசியர் பாதுகாப்பு கிடைக்கும்ன்ற காரணமும் இருந்துச்சு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல மிஷனரிங்க கஞ்சி ஊத்தினாங்க, திருநெல்வேலிச் சீமையில ஆயிரக்கணக்கான குடும்பம் சபையில சேந்துது. அதப் பாத்து சோத்துக்கு மாறினாங்கன்னு சொல்றது சுலபம். பட்டினி கெடக்கறப்ப மத்த கதவெல்லாம் ஏன் சாத்தியிருந்துச்சுன்னு கேக்கறதுதான் கஷ்டம். உங்க ஊர்ப் பக்கமே எடுத்துக்கோங்க, திருவிதாங்கூர்ல நாடார் பொம்பளைங்க மார மறைச்சு துணி போடறதுக்கு பல வருஷம் அடி ஒதை வாங்கி 1859லதான் ராஜாவோட உத்தரவு கிடைச்சுது. அந்தப் போராட்டத்துல மிஷன் பள்ளிக்கூடத்துக்கும் மிஷனரி வீட்டம்மாங்களுக்கும் பங்கு இருக்கு. அந்தப் பாட்டிங்களுக்கு இயேசுன்னா மரியாதையா ரவிக்க போட்டுக்கறது. அத அரிசின்னு சொன்னா எனக்கே ரத்தம் கொதிக்கும், கவுன்சலர் ஆச்சேன்னு பல்லக் கடிச்சுக்குவேன்.

ஆனா இதெல்லாம் சேந்து இன்னிக்கு என்ன ஆயிருக்குன்னா, கிறிஸ்தவர் ஒருத்தர் நல்லது செஞ்சாலே "எதுக்கு செய்றாங்க?"ன்ற சந்தேகம் முதல்ல வருது. 1982 மார்ச்ல உங்க மாவட்டத்துலயே மண்டைக்காட்டுல இந்து-கிறிஸ்தவக் கலவரம், துப்பாக்கிச்சூடு, உயிர்ப்பலி, உங்க அப்பாகிட்ட கேளுங்க, அவர் சொல்வார். 2002ல கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம்னு தமிழ்நாட்டுல கொண்டு வந்தாங்க, 2004 எலெக்ஷன்ல தோத்ததும் வாபஸ் வாங்கிட்டாங்க. சட்டம் போனாலும் பயம் போகல. இப்ப அத வாட்ஸ்அப்ல தினமும் தண்ணி ஊத்தி வளக்கறவங்களும் இருக்காங்க. அவங்க கோவத்துக்கு நீங்க எப்படி பேசினாலும் மருந்து இல்ல, சாந்தமா பேசினா "நடிக்கிறா"ம்பாங்க. அந்த மாதிரி ஆள் ஆபீஸ்ல இருந்தா தள்ளி நில்லுங்க, மிரட்டற மாதிரி பேசினா மெசேஜ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எச்.ஆர்.கிட்ட குடுங்க, அதுல தியாகி ஆக வேண்டியதில்ல.

சர்ச்ல பாத்த அண்ணன் விஷயத்தப் படிச்சதும் எனக்கு திக்குன்னு ஆச்சு. அவர் ஏன் பேசறதில்லன்னு நான் இங்க இருந்து சொல்ல முடியாது, ஆனா ஒரு சாத்தியம் இருக்கு, நாகர்கோவில்ல நாடார் குடும்பத்துலயோ மீனவர் குடும்பத்துலயோ வளந்த பொண்ணுக்கு இது தோணாம இருக்கலாம். 1950 ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து முதல்ல இந்துக்களுக்கும் சீக்கியர்ல சில சாதிக்கும் மட்டும்தான் இருந்துச்சு, 1956ல மத்த சீக்கியருக்கும் 1990ல பௌத்தருக்கும் சேத்தாங்க, கிறிஸ்தவங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் இல்ல. ஒரு தலித் குடும்பம் மூணு தலைமுறையா சபைக்குப் போயிட்டு இருக்கலாம், சர்ட்டிஃபிகேட்ல மட்டும் இந்துன்னு இருக்கும், ஏன்னா அது போனா பிள்ளைங்க சீட்டு போச்சு, வேலை போச்சு. 2024 நவம்பர்ல கூட புதுச்சேரி பொண்ணு ஒருத்தங்க வழக்குல, கிறிஸ்தவத்த பின்பற்றிக்கிட்டே அந்த சர்ட்டிஃபிகேட்ட கேக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இப்ப யோசிங்க, டீம் முழுக்க நிக்கறப்ப "அண்ணா, உங்கள ஆராதனையில பாத்தேன்"னா அவர் வயித்துல என்ன பண்ணியிருக்கும்? இதுவே காரணம்னு நான் அடிச்சு சொல்லல, நீங்களும் போய் அவர்கிட்ட விசாரிச்சிடாதீங்க, தயவுசெஞ்சு. யார் எங்க கும்பிடறாங்கன்றத அவங்களா சொல்றவரைக்கும் நாம வெளிய சொல்லக்கூடாது, அவ்ளோதான்.

இன்னொண்ணு, இது என் தொழில்ல பாத்தது. கிறிஸ்தவப் பேச்சக் கேட்டா எரிச்சல்ல துள்றவங்கள்ல பாதிப் பேர் இந்துக்களே கெடயாது. ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளைங்க, கான்வென்ட் ஹாஸ்டல்ல அடி வாங்கினவங்க, சபைக்குள்ளயே சாதி பாத்து கல்யாணம் நின்னு போனவங்க, பிள்ளை இல்லாததுக்கு "உனக்கு விசுவாசம் பத்தல"ன்னு முகத்துக்கு நேரா சொல்லக் கேட்ட பொம்பளைங்க. இவங்களுக்கு உங்க வசனம் புதுசு இல்லம்மா, மனப்பாடம். யார் குரல்ல அத முதல்ல கேட்டாங்களோ அந்தக் குரல்தான் திரும்பக் கேக்குது. (ஆர்.சி. வீட்டு சித்தப்பாகிட்ட பெந்தேகோஸ்தே சபையப் பத்தி பேசிப் பாருங்க, அது தனி கச்சேரி.)

இப்ப இரத்தப்பழி. பைபிள்ல எசேக்கியேல் புத்தகத்துல, ஆபத்து வர்றதப் பாத்தும் எச்சரிக்காத காவல்காரன் மேல பழி வரும்னு ஒரு வசனம் இருக்கு, அத வச்சு உங்க பாஸ்டர் சொல்றார். வேதத்துக்கு வியாக்கியானம் சொல்ல நான் ஆள் இல்ல, ஆனா தூக்கம் வராத பொண்ணப் பத்தி பேச எனக்கு உரிமை இருக்கு. நீங்க ரூம்மேட்டுகிட்ட போய் பேசினப்ப உங்களுக்குள்ள ஒரு பயமும் சேந்து பேசியிருக்கு, சொல்லலன்னா என் மேல பழி வந்துடும்னு. அப்ப அந்த வார்த்த அவளுக்காக மட்டும் சொன்னதா, உங்க பாரத்த எறக்கி வைக்கவும் சொன்னதா? சங்கடமான கேள்விதான், உடனே பதில் சொல்ல வேணாம். ஏன் கேக்கறேன்னா, எதிர்ல இருக்கவங்களுக்கு இது மோப்பம் மாதிரி தெரிஞ்சிடும், தான் ஒரு சிநேகிதியா இருந்து எப்ப ஒரு கடமையா மாறினோம்னு. நாலு வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டவ "உங்க ஆளுங்க"ன்னு சொல்லியிருக்கான்னா, அந்த நிமிஷம் அவளுக்கு நீங்க அவ சிநேகிதியா தெரியல, ஒரு கூட்டத்தோட ஏஜென்ட்டா தெரிஞ்சிருக்கீங்க. அவ சொன்னதும் தப்புதான், ஒருத்தி மேல இருக்க கோவத்த ஒரு சமூகத்து மேலயே கொட்டக்கூடாது. ஆனா அத இப்ப அவகிட்ட சரி பண்ண வேண்டிய நேரம் இல்ல.

பாஸ்டர்கிட்ட அடுத்த தடவ 1 பேதுரு 3:15ப் பத்தியும் கேளுங்க. அங்க சொல்லியிருக்கறது விசாரிச்சுக் கேக்கறவங்களுக்கு பதில் சொல்ல ரெடியா இருங்க, அதையும் சாந்தமா சொல்லுங்கன்னு. கேக்கறவங்களுக்கு! யாரும் கேக்காதப்ப தினம் காலையில ஏழு மணிக்கு குரூப்ல போடறதப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல :)

என் மாமியார் கதைய முடிச்சிடறேன். கைப்பிரதி விஷயம் நடந்து ஆறு வருஷம் கழிச்சு அவங்களுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சு ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில ஆபரேஷன். ஒரு நர்ஸ், உங்க வயசுதான் இருக்கும், மூணு நாளா பெட்பேன் வச்சு எடுத்து, ஒடம்பு தொடச்சு விட்டு, தலைக்கு எண்ண தேய்ச்சு பின்னி விட்டுச்சு. தியேட்டருக்கு கொண்டு போற அன்னிக்கு "பாட்டி, நான் உங்களுக்காக ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டுமா? வேணாம்னா வேணாம்"னு கேட்டுது. எங்க மாமியார் நெத்தி நெறைய விபூதியோட அந்தப் பொண்ணு கையப் புடிச்சுக்கிட்டு "பண்ணு தாயி, எந்த சாமி கேட்டா என்ன"ன்னாங்க. மதமும் மாறல, கோவமும் வரல. அந்த நர்ஸ் கல்யாணத்துக்கு மொய் கூட அனுப்பினாங்க. நான் கவனிச்சது ரெண்டே விஷயம், ஒண்ணு அந்த மூணு நாள், இன்னொண்ணு "வேணாம்னா வேணாம்". அந்த ரெண்டாவத நெஜமாவே மனசார சொல்லணும், ஒப்புக்கு சொன்னா வயசானவங்களுக்கு தெரிஞ்சிடும்.

சரி, என்ன பண்ணலாம். வசனம் போடறத குரூப்ல நிறுத்திடுங்க, அறிவிப்பு எல்லாம் வேணாம், சும்மா நிறுத்துங்க. ஸ்டேட்டஸ்ல போடுங்க, அது உங்க வீட்டுத் திண்ண மாதிரி, வேணும்ன்றவங்க எட்டிப் பாப்பாங்க. அந்த அண்ணன்கிட்ட வேலை விஷயமா எப்பவும் போல பேசுங்க, பழைய பேச்ச எடுக்காதீங்க.

ரூம்மேட்டுக்கு ஒரு மெசேஜ், சின்னதா. "அன்னிக்கு நான் பேசினது உனக்கு எவ்ளோ வலிச்சிருக்கும்னு இப்ப புரியுதுடி, சாரி. அம்மா எப்படி இருக்காங்க?" இவ்ளோதான். "நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்"னு ஒரு வால் ஒட்டாதீங்க, "ஜெபிச்சிட்டு இருக்கேன்"னும் போடாதீங்க. ஜெபிக்க வேணாம்னு சொல்லல, தாராளமா பண்ணுங்க, அவகிட்ட ரசீது குடுக்க வேணாம்னுதான் சொல்றேன். ரெண்டு நாள் பதில் வராம இருக்கலாம், ரெண்டு வாரம் கூட ஆகலாம், திரும்பத் திரும்ப அனுப்பாதீங்க.

பதில் வந்துச்சுன்னா அடுத்த கீமோ என்னிக்குன்னு மட்டும் கேளுங்க. அன்னிக்கு லீவு போட்டுட்டு போங்க. கீமோ ஏத்தற வார்டுல ஏசி குளிரும், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர், சாக்ஸ், ஃப்ளாஸ்க்ல வெந்நீர். சாப்பாடு வாசன வராத மாதிரி தயிர் சாதம், மசாலா வாட பட்டாலே கொமட்டும் அவங்களுக்கு. உங்க ஃப்ரெண்டுக்கும் சேத்து கட்டிட்டுப் போங்க, அவ காலையில இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா.